ஏரியில் விழுந்த மனை

மனை ஏரிக்குள் விழுந்துவிட்டது.

வரைவாளர் நூல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் குறையில்லை. மேசைமேல் விரித்திருந்த நில அமைப்பு வரைபடத்தில் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடி, மேடு எது, பள்ளம் எது, எத்தனை அடி உயரம் என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அதன்மேல் டிரேசிங் தாளைப் போட்டு, பத்திரத்தில் சொன்ன திசைக்கும் தூரத்துக்கும் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். கோடு ஓடைப் பாலத்தில் கிளம்பியது, மேட்டில் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது. மனை ஏரியின் நடுவில் நாலு மூலையும் நனைய உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு இப்படி நடந்ததே இல்லை. அந்த நில அளவை அலுவலகத்தில் இருபது வருடமாகப் படம் போடுகிறவர். அவர் போடும் கோடு நூல் பிடித்தாற்போல் இருக்கிறது என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார் கோப்பு அக்கா. அலமாரிகளுக்கும் அதிலுள்ள கோப்புகளுக்கும் அவர்தான் காவல். முதலாளியைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் முதலாளிக்கும் அவர் அக்காதான்.

"அக்கா, இந்த நாப்பத்தேழாம் நம்பர் யாரோடது?"

அக்கா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "என்ன கேட்டீங்க?"

"இல்ல, ஒண்ணும் கேக்கல."

கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். முன்பு ஒரு வரைவாளர் கோப்பில் தன் மைத்துனர் பெயரைப் பார்த்துவிட்டு, பாசம் பொங்கி, அகலத்தில் இரண்டடி கூட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டார். பக்கத்து இடத்துக்காரர் கோர்ட்டுக்குப் போக, முதலாளி கூண்டில் ஏறி நிற்க வேண்டியதாகிவிட்டது. அன்று முதல் படம் போடுகிறவர் மேசைக்குப் பத்திரமே வராது. அக்கா எல்லை விவரத்தை மட்டும் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, எண் போட்டுக் கொடுப்பார். யாருடையது என்று இரண்டாவது தடவை கேட்கிறவர் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

"மனை ஏரிக்குள்ள போகுது அக்கா. அதனாலதான் கேட்டேன்."

"நான் எழுதினதுல தப்பு இருக்காது."

"நான் போட்டதுலயும் இருக்காது."

"அப்ப தப்பு ஏரியோடதுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூல் தாளை மறுபடி படித்தார். 'ஓடைப் பாலத்தின் நடுவில் நின்று வடகிழக்காக ஒன்பது சங்கிலி போக வருவது முதல் மூலை. அங்கிருந்து கிழக்கே எழுபது கண்ணி போக வருவது இரண்டாம் மூலை' என்று தொடங்கி, நாலு மூலையும் சுற்றி வந்து, 'மேற்படி எல்லைக்குள் அடங்கிய மண், மரம், கல், காற்று உட்பட' என்று முடிந்திருந்தது. காற்றைக்கூட விடாமல் எழுதியவர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சங்கிலி என்றால் நூறு அடி, கண்ணி என்றால் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு. அவர் அப்படித்தான் போட்டிருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"அக்கா, வருஷம் கேக்கலாமா?"

"வருஷம் கேக்கலாம்."

"எந்த வருஷத்து எழுத்து இது?"

"அறுபது வருஷத்துக்கு முந்தினது. அதுக்கப்புறம் எத்தனை கை மாறினாலும் அதையே பாத்துப் பாத்து எழுதியிருக்காங்க. ஒரு மனுஷனும் திருப்பி அளக்கல."

அதுதான் விஷயம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அளந்தவர்கள் இழுத்துக்கொண்டு நடந்தது அறுபத்தாறடிச் சங்கிலி. நூல் உற்சாகமாக ரப்பரை எடுத்தார். புது அளவில் போட்டதும் மனை ஏரியைவிட்டு எழுந்து, மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, ஒரு தெருவின் ஓரத்தில் காலி இடத்தில் நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். தெருவில் ஆறு கறுப்புச் சதுரங்கள், ஆறு வீடுகள். ஐந்தாவது சதுரத்தின்மேல் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி. அந்தப் புள்ளியை வைத்தவர் அவரேதான். புது வரைபடம் அச்சாகி வந்த அன்று, தன் வீடும் அதில் ஏறியிருக்கிறது என்ற பெருமையில் வைத்தது.

"அட, நம்ம தெரு" என்றார் நூல், யாரிடமும் இல்லாமல்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மனைவியிடம் சொன்னார். "நம்ம தெருவுல யாருக்கோ இடம் இருக்கு தெரியுமா? நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே. ஆபீஸுக்கு வந்திருக்கு."

அடுப்படியில் நின்ற மனைவிக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "அப்படியா? யாரோடதாம்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

"எப்ப முடிப்பீங்க?"

"புதன்கிழமை. இருபது வருஷத்துல நான் ஒரு கோப்புக்கு மூணு நாளுக்கு மேல எடுத்ததே இல்ல."

"தெரியும், தெரியும்" என்றாள் மனைவி. வழக்கமாக அவர் அலுவலகக் கதையை ஆரம்பித்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். அன்று கொட்டாவி வராததை நூல் கவனிக்கவில்லை.

உள்ளே மகள் கதவில்லாத அறையில், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாடியில் ஒரு அறை கட்ட வேண்டும், அதற்கு அனுமதி வாங்க மனையை அளந்து படம் போட வேண்டும் என்று மனைவி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை அளந்துடலாம் என்று நூலும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவள் அதைக் கேட்பதைக்கூட விட்டுவிட்டாள். வீட்டில் நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த நிம்மதி போய்விட்டது.

வேலையை அப்படியே முடித்திருக்கலாம். ஆனால் கோடு நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டுமே. அந்தக் காலத்தில் வடக்கு எது என்று திசைகாட்டி முள்ளைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். முள் காட்டுகிற வடக்கு வேறு, வரைபடத்தின் வடக்கு வேறு. அதுவும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நூல் அதற்கான அட்டவணையைப் பார்த்து, டிரேசிங் தாளை நாலு பாகை திருப்பி வைத்தார். காலி இடத்தில் நின்ற மனை மெல்ல நகர்ந்து வந்து, அவருடைய வீட்டுச் சுற்றுச்சுவரைத் தாண்டி, துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்றது.

நூல் அட்டவணையை மறுபடி பார்த்தார். அதே நாலு பாகைதான்.

சரி, இன்னும் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அளந்தவர்கள் மேட்டுச் சரிவோடு சங்கிலியை இழுத்திருப்பார்கள். சரிவில் நடந்த தூரம் வேறு, வரைபடத்தில் தட்டையாக விழுகிற தூரம் வேறு. பழுப்புக் கோடுகள் அங்கே நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தன, நல்ல சரிவு. கணக்குப் போட்டதில் முப்பத்தாறு அடி குறைந்தது. குறைந்தால் மனை பின்வாங்கும், துவைக்கும் கல்லைவிட்டு இறங்கிவிடும் என்று அவர் நம்பினார்.

மனை பின்வாங்கியது. பின்வாங்கி நேராக அவருடைய அடுப்படிக்குள் போனது.

"இங்க யாரு படம் போடறவரு?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருந்த அந்த நாளில், விரித்த குடையோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்து போய், குடையை மடக்கச் சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்தார். பெஞ்சு நூலின் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"என் இடம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா தம்பி?" என்று குடைக்காரர் கேட்டார்.

"கோப்பைப் பத்தி இங்க பேசக் கூடாது ஐயா."

"நான் கோப்பப் பத்திப் பேசல. இடத்தப் பத்திதான் பேசறேன். அங்க ஒருத்தன் கட்டிப் போட்டு உக்காந்திருக்கான் தம்பி. எட்டு வருஷமா. நானும் பாவம்னு விட்டுட்டேன்."

நூல் அந்த வீட்டில் குடியேறி எட்டு வருடம் ஆகியிருந்தது.

"அவருக்கு... தெரிஞ்சு கட்டியிருக்க மாட்டாரு ஐயா" என்றார் நூல்.

"தெரியாமயா கட்டுவான்? நல்லவன்தான், இல்லேங்கல. சுபாவத்துல கொஞ்சம் மந்தம். ஒரு வேலையச் சொன்னா வருஷக்கணக்குல இழுப்பான். இப்பப் படம் வந்துடுச்சுன்னா, அதக் கையில வெச்சுக்கிட்டு, இடிடா தம்பின்னு சொல்லிடுவேன்."

"இடிக்கணுமா?"

"பின்ன, கும்பிடணுமா?"

முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "நூல், நாப்பத்தேழு நாளைக்கு நாலு மணிக்குள்ள வேணும். அந்தப் பார்ட்டி உடனே கட்டடம் எழுப்பப் போறாங்களாம். படம் நேரா நகர அலுவலகத்துக்குப் போகணும். பதிவேட்டுல ஒருதரம் ஏறிட்டா அப்புறம் கோர்ட்டுக்குப் போனாத்தான் மாத்த முடியும், அதனால நிதானமாப் போடுங்க."

குடைக்காரர் முதலாளியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நூல் பென்சிலை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் கொஞ்ச நேரம் மேசைக்கடியிலேயே இருந்தார்.

பதினோரு வருடம் வாடகை வீட்டில் இருந்தவர் அவர். ஆறு தடவை ஒரே அலமாரியை மாடிப்படியில் ஏற்றி இறக்கியவர். சுவரில் ஆணி அடிக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்காமல் வாழ ஒரு இடம் கிடைத்த அன்று, மனைவி பார்க்காதபோது நாலு சுவரிலும் வேலையில்லாமல் நாலு ஆணி அடித்தவர். அந்த வீடுதான் இப்போது போகப் போகிறது.

ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்கள், வேறு என்ன. தன்னுடைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை அவர் இதுவரை படித்ததில்லை. வாங்கிய நாளில் மனைவி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். நாள் முழுக்க ஊரார் எல்லையைப் படிக்கிறவருக்குச் சொந்த எல்லையை ஓசியில் படிக்க மனசு வரவில்லை.

மாலையில் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தார். கல்யாணப் புகைப்படம் இருந்தது. மகளுடைய தடுப்பூசி அட்டை இருந்தது. ஆறு வாடகை வீட்டுச் சாவிகளும், ஏன் என்று தெரியாமல், ஒரு வளையத்தில் கோத்து இருந்தன. பத்திரம் மட்டும் இல்லை.

"என்னங்க தேடறீங்க?" மனைவி கூடையோடு பின்னால் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுப் பத்திரம் எங்க?"

மனைவி கூடையைக் கீழே வைத்தாள். மறுபடி கையில் எடுத்தாள். "எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான்."

"எட்டு வருஷமாத் தொடாத மனுஷனுக்கு இன்னிக்கு என்ன திடீர்னு? அது எங்க இருக்கணுமோ அங்க இருக்கு."

"எங்க?"

"நாளன்னிக்கு எடுத்துத் தர்றேன். இப்பக் கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் ஓடி ஒளிந்ததை நூல் பார்த்தார். வீடு பறிபோகப் போகிறது, பத்திரம் காணவில்லை, மனைவி சிரிக்கிறாள். மூன்றையும் எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒருவேளை அவளுக்கும் எல்லாம் தெரிந்துபோய், துக்கத்தில் மூளை கலங்கிவிட்டதோ என்றுகூட நினைத்தார்.

புதன்கிழமை விடிந்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். சுவருக்குச் சுவர் அளந்தார். நாற்பத்தாறு அடி, இரண்டு அங்குலம். எழுபது கண்ணி என்றால் மனக்கணக்கிலேயே நாற்பத்தாறு அடியும் சொச்சமும் வந்தது. அவர் துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அப்பா அளக்கறாரு" என்று மகள் ஜன்னலிலிருந்து உள்ளே பார்த்துச் சொன்னாள்.

மனைவி ஓடி வந்தாள். "இப்ப எதுக்குங்க அளக்கறீங்க? வேண்டாம், வேண்டாம், விடுங்க. அதெல்லாம் தானா நடக்கும்."

"எது தானா நடக்கும்?"

"எல்லாந்தான்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த நாடாவைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அலுவலகத்தில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. பாலம். ஆரம்பிக்கிற இடமே தவறாக இருந்தால் எல்லாமே தவறுதானே. வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இப்போதுள்ள பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஓடையின் குறுக்கே இரண்டு சிறு புள்ளிக்கோடுகள் இருந்தன. இடிந்துபோன பழைய பாலத்துக்கான குறி. அறுபது வருடத்துக்கு முன் இருந்தது அதுதான்.

பாலம் முப்பது அடி தள்ளியிருந்தால் மனையும் முப்பது அடி தள்ளும். அடுப்படியைவிட்டு வெளியே போய்விடும். நூல் டிரேசிங் தாளை நகர்த்தினார்.

மனை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தது. கூடத்திலிருந்து மற்ற அறைகளுக்கும் பரவியது. கடைசியில் நாலு மூலையும் அவர் வீட்டுச் சுற்றுச்சுவரின் நாலு மூலையிலும் சிவனே என்று உட்கார்ந்துகொண்டன. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. இருபது வருடத்தில் அவர் போட்ட படங்களிலேயே இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது இதுதான். வேறு நேரமாக இருந்தால் அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

அடுத்த மேசைக்காரர் தானாகவே எட்டிப் பார்த்தார். "என்ன நூல், இன்னும் முடியலையா? நான் என்னோடத நேத்தே முடிச்சிட்டேன்."

நூல் இரண்டு கையாலும் படத்தை மறைத்துக்கொண்டார். "வடக்கு சரியில்ல" என்றார்.

மணி இரண்டாகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

அதற்கப்புறம் நூல் செய்ததை அவர் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் காது சூடாகும். மேசை இழுப்பறையைத் திறந்தார். திங்கட்கிழமை முதலில் போட்ட டிரேசிங் தாள், ஏரிக்குள் விழுந்த மனை, அப்படியே மடிக்காமல் இருந்தது. பத்திரத்தில் சங்கிலி என்றுதான் இருக்கிறது, எந்தச் சங்கிலி என்று இல்லை. பாலம் என்றுதான் இருக்கிறது, எந்தப் பாலம் என்று இல்லை. நூறடிச் சங்கிலி என்று ஒருவன் எடுத்துக்கொண்டால் அது பொய்யாகுமா? இப்படி ஒரு பத்து நிமிடம் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினார். பொய்தான் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் வாதத்தில் ஜெயித்துவிட்டார்.

குடைக்காரர் முகம் கண்முன் வந்து நின்றது. வயசான மனுஷன். முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள் தள்ளுவது பாவம் என்று தோன்றியது. நூல் தாளைச் சற்றே திருப்பி, மனையின் ஒரு மூலையை மட்டும் கரையில் ஏற்றிவிட்டார். நாலடிக்கு நாலடி. குடையை விரித்துக்கொண்டு ஒரு ஆள் கால் நனையாமல் நிற்கலாம்.

பிறகு மையில் போட்டார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் கோடு நடுங்கியது. கீழே 'மனையின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் அமைந்துள்ளது. கட்டடத்துக்கு ஏற்றதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க போட்டத நான் வேற பாக்கணுமா நூல்?" என்று சொல்லி முத்திரை குத்தினார். அந்த வார்த்தை நூலுக்கு நெஞ்சில் தைத்தது. கொஞ்சம் இருங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் டிரைவர் படத்தை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஜீப் கிளம்பிப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நகர அலுவலகம் பத்து நிமிடத் தூரம்தான்.

வீடு தப்பித்தது. நூல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. டீ வந்தது. அதைக் கையில் வாங்கியபோது வாசலில் குடை தெரிந்தது.

குடைக்காரர் நேராக அவரிடம்தான் வந்தார். நூல் எழுந்து நின்று, தன் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க ஐயா" என்றார். "உங்க இடம்... ஒரு மூலையாவது கரையில இருக்கற மாதிரி பாத்தேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"என்ன கரை?" குடைக்காரர் டீயை உறிஞ்சினார். "என் இடம்தான் நேத்தே வந்துடுச்சே. அதோ, அடுத்த மேசைத் தம்பி போட்டுக் குடுத்தாரு. தங்கமான படம். என் மச்சினன் கட்டின மாட்டுக்கொட்டகை மொத்தமும் என் இடத்துலதான் நிக்குது. காலைல போய்க் காட்டினேன், சத்தமில்லாம மாட்ட அவுத்துக்கிட்டுப் போயிட்டான். அதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"மாட்டுக்கொட்டகையா?"

"எட்டு வருஷமாத் தம்பி. மந்தமான பய, நான்தான் சொன்னேனே."

குடைக்காரர் காலி டம்ளரை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளேயே குடையை விரித்துக்கொண்டு போனார். நூல் டம்ளரோடு நின்றார். குடைக்காரர் இல்லையென்றால், தன் வீட்டின்மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்த அந்த மனை யாருடையது? யாரை ஏரிக்குள் தள்ளினோம்? அவருக்கு இப்போது பயத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது.

மெல்ல அலமாரிப் பக்கம் போனார்.

"அக்கா, படம் போயாச்சு. முத்திரையும் குத்தியாச்சு. இப்பவாவது கேக்கலாமா?"

"முடிஞ்ச கோப்புக்குக் கேக்கலாம் சார்" என்றார் அக்கா. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவர் முகமெல்லாம் வழிந்தது. நாற்பத்தேழாம் எண் கோப்பிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்து, தூசி தட்டி, அவர் கையில் வைத்தார்.

"உங்க வீட்டம்மா குடுத்ததுதான் சார், மாடி ரூமுக்கு, வீட்டுல சொன்னா ரெண்டு வருஷம் இழுக்கறாரு, கோப்பாக் குடுத்துட்டா மூணே நாள்ல முடிச்சிருவாருன்னாங்க."